மாறு விமானத்தைத் தவறவிடாமல் பிடிப்பது: வன்னியிலிருந்து புறப்படுவோருக்கான முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சியிலிருந்தோ புதுக்குடியிருப்பிலிருந்தோ வெளிநாடு போகும் ஒருவரின் பயணம் பெரும்பாலும் மூன்று துண்டாக இருக்கும். வீட்டிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையம் வரை வான் வண்டி. அங்கிருந்து டோஹா, துபாய், அபுதாபி போன்ற ஒரு இடைநிலையம் வரை முதல் விமானம். பிறகு ரொறன்ரோவோ பாரிஸோ சூரிச்சோ போகும் இரண்டாவது விமானம். ரிக்கெற் போடுவது வெளிநாட்டில் இருக்கும் மகனோ மகளோ. பயணம் போவது இங்கிருக்கும் அம்மா. போடுகிறவர் விலையைப் பார்க்கிறார். ஓட வேண்டியவர் வேறொருவர்.

இடைநிலையத்தில் ஓடித் தப்பியவர்கள் குறைவு. அடுத்த விமானம் கிடைக்குமா என்பது ரிக்கெற் வாங்கும்போதும் செக்-இன் கவுன்ரரிலும் பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது. அதனால் 1 முதல் 5 வரையான படிகள் ரிக்கெற் போடுகிறவருக்கு, மிச்சம் போகிறவருக்கு. ஒழுங்கை மாற்ற வேண்டாம். பின்னால் செய்யும் எதுவும் முன்னால் விட்ட பிழையைத் திருத்தாது.

1. ரிக்கெற் போடுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

கடவுச்சீட்டின் படப் பக்கத்தைத் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தொலைபேசியில் வாயால் சொல்லும் பெயரை வைத்து ரிக்கெற் போட வேண்டாம். எங்கள் பெயர்களில் தகப்பன் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று பிற நாட்டுப் படிவங்களுக்குப் புரிவதில்லை. படப் பக்கத்தின் அடியில் இயந்திரம் வாசிக்கும் இரண்டு வரிகள் இருக்கும். முதல் வரியில், நாட்டுக் குறியீட்டுக்குப் பின்னால் இரட்டைக் கூர்க்குறி (<<) வரை இருப்பது குடும்பப் பெயர். அதற்குப் பின்னால் வருவது மற்றப் பெயர்கள். அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். முதல் விமானத்தில் ஒருவரும் கவனிக்காமல் விட்ட எழுத்துப் பிழை, இரண்டாவது விமானத்துக்குப் போர்டிங் பாஸ் அடிக்கும்போது பிடிபடலாம்.

கடவுச்சீட்டுக்குப் பயண நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்லுபடி இருக்க வேண்டும். விசா எந்த நாட்டினுடையது, எந்தத் திகதி வரை என்பதையும் பார்த்து வையுங்கள். 4ஆம் படிக்கு அது வேண்டும்.

பதிவில் கொடுக்கும் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் பயணம் போகிறவருடையதாகவோ, இரவிலும் எழும்பிப் பார்க்கக்கூடிய பிள்ளையுடையதாகவோ இருக்கட்டும். ஏஜென்சியின் எண்ணைக் கொடுத்தால் விமானம் தாமதம் என்ற செய்தி பூட்டிய கடைக்குப் போய்ச் சேரும்.

2. ஒரே ரிக்கெற்றா என்று உறுதிசெய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள்.

இரண்டு விமானங்களும் ஒரே ரிக்கெற்றில் இருந்தால், முதல் விமானம் பிந்தி இரண்டாவது தவறும்போது அடுத்ததில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. பொதியும் பெரும்பாலும் கடைசி ஊர் வரை தானாகவே போகும். இரண்டும் தனித்தனி ரிக்கெற் என்றால், இரண்டாவது நிறுவனத்தின் கண்ணில் நீங்கள் நேரத்துக்கு வராத பயணி மட்டுமே. புது ரிக்கெற் உங்கள் காசில்தான்.

6 எழுத்தும் இலக்கமும் கலந்த பதிவு எண் ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்து ஒரே ரிக்கெற் என்று எண்ண வேண்டாம். சில இணையத்தளங்கள் இரண்டு தனி ரிக்கெற்றுகளைத் தங்கள் சொந்த எண் ஒன்றுக்குள் கட்டித் தருகின்றன. பார்க்க வேண்டியது 13 இலக்க ஈ-ரிக்கெற் எண்ணை. முதல் மூன்று இலக்கம் நிறுவனத்தைக் காட்டும்: 157 கட்டார் எயார்வேஸ், 176 எமிரேட்ஸ், 603 ஸ்ரீலங்கன். எல்லா விமானங்களுக்கும் ஒரே 13 இலக்கம் இருந்தால் அது ஒரே ரிக்கெற். ஒரு ரிக்கெற்றில் நான்கு பறப்புகள்தான் அடங்கும். அதற்கு மேல் போனால் அடுத்தடுத்த எண்ணாக வரும், அது பிழையில்லை. ‘செல்ஃப் ட்ரான்ஸ்பர்’ என்று சின்ன எழுத்தில் எங்காவது இருந்தால் அது தனித்தனி ரிக்கெற். எவ்வளவு மலிவு என்றாலும் முதற்பயணிக்கு வேண்டாம்.

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலைய வழியைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். கிளிநொச்சிக்காரருக்குக் கட்டுநாயக்காவை விடப் பலாலி மிக அருகில். அங்கிருந்து சென்னைக்குப் போய், சென்னையிலிருந்து வேறு ரிக்கெற்றில் பறந்தால் மலிவு என்று பலர் கணக்குப் பார்க்கிறார்கள். கணக்கில் விடுபடுவது மூன்று. ஒன்று, தனித்தனி ரிக்கெற் என்றால் சென்னையில் குடிவரவைத் தாண்டி வெளியே வந்து, பொதியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். இரண்டு, பலாலிக்கு வருவது ஏ.ரி.ஆர். என்ற சிறிய விமானம். அடுத்த ரிக்கெற்றில் 30 கிலோ தந்திருக்கிறார்கள் என்பது இங்கே செல்லாது. மூன்று, கார்த்திகை, மார்கழியில் புயலும் மழையும் பலாலியையும் சென்னையையும் ஒன்றாகவே பிடிக்கும். இந்த வழியில் போவதென்றால் சென்னையில் ஒரு இரவு தங்குவதாகத் திட்டமிடுங்கள். சில மணி நேரத்தை நம்பிப் போக வேண்டாம்.

இன்னொன்று. ரிக்கெற்றின் முதல் துண்டைப் பயன்படுத்தாமல் நேராக இடைநிலையத்திலிருந்து ஏறலாம் என்று நினைக்க வேண்டாம். முதல் துண்டில் ஏறாவிட்டால் மிச்சப் பறப்புகள் எல்லாவற்றையும் நிறுவனம் தானாகவே இரத்துச் செய்துவிடும், திரும்பி வரும் பயணம் உட்பட.

3. இடைநேரத்தை உண்மையாகக் கணக்கிடுங்கள்

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஆகக் குறைந்த இணைப்பு நேரம் ஒன்று உண்டு. அதற்குக் குறைவாக ஒரே ரிக்கெற் விற்கப்படாது. ஆனால் அது, எல்லாம் சரியாக நடந்தால், வழி தெரிந்த ஆள் விரைவாக நடந்தால் போதுமான நேரம்.

ரிக்கெற்றில் உள்ள நேரம் எல்லாம் அந்தந்த ஊர் நேரம். டோஹாவில் இறங்குவது 06:40, அடுத்தது 08:05 என்றால் 85 நிமிடம். இதில் எவ்வளவு உங்களுடையது? சில்லு நிலத்தைத் தொட்டதிலிருந்து நீங்கள் கதவால் வெளியே வரும் வரை, நடு வரிசையில் இருந்தால் 20 நிமிடம். விமானம் கட்டடத்தோடு ஒட்டாமல் தூரத்தில் நின்று பஸ்ஸில் ஏற்றினால் இன்னும் 10 முதல் 15. மறுமுனையில், கேற் பூட்டுவது 08:05க்கு அல்ல. பல நிறுவனங்கள் 20 நிமிடத்துக்கு முன் பூட்டிவிடும், அதாவது 07:45க்கு. கையில் மிஞ்சுவது 30 முதல் 45 நிமிடம். அதற்குள் ஒரு பாதுகாப்புச் சோதனையும் நீண்ட நடையும்.

ஆகவே எங்கள் அளவுகோல் இது. தனியாக, கைப்பையோடு, ஏற்கெனவே பறந்து பழகியவர் ஒரே முனையத்தில் மாறுவதற்கு 90 நிமிடம் போதும். முதற்பயணிக்கு 2 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. வயதானவர், வீல்செயார், சிறு பிள்ளையோடு தாய்: 3 மணி நேரம். இடையில் குடிவரவும் பொதி எடுப்பதும் வருமென்றால் 3 முதல் 4. தனித்தனி ரிக்கெற் என்றால் 6 மணி நேரத்துக்கும் உத்தரவாதம் இல்லை.

நேரத்தைப் போலவே பார்க்க வேண்டியது, தவறினால் அடுத்தது எப்போது என்பது. இடைநிலையத்திலிருந்து அந்த ஊருக்கு ஒரு நாளில் மூன்று விமானம் இருந்தால் 90 நிமிட இடைவெளியில் துணிந்து போகலாம். நாளுக்கு ஒன்றுதான் என்றால், தவறுவது 24 மணி நேரம் கதிரையில் இருப்பதாக முடியும். அப்படிப்பட்ட வழிக்கு நீண்ட இடைவெளியையே வாங்குங்கள். 4 மணி நேரம் சும்மா இருப்பதால் ஒருவரும் கெட்டுப்போனதில்லை.

முனையம் மாறுகிறதா என்பதையும் பாருங்கள். துபாயில் எமிரேட்ஸ் 3ஆம் முனையத்தில் நிற்கும். அந்த முனையத்துக்குள்ளேயே ஏ, பி, சி என்று பகுதிகள் உண்டு. ஏ பகுதிக்கு உள்ளக ரயிலில் போக வேண்டும். ஃப்ளைதுபாய் பல பறப்புகளை 2ஆம் முனையத்திலிருந்து விடுகிறது. அது ஓடுபாதைக்கு மறுபக்கம், பஸ்ஸில் போக வேண்டும். ஒரே விமான நிலையப் பெயர் என்பதால் பக்கத்துக் கேற் என்று அர்த்தமில்லை.

4. ட்ரான்சிற் விசா தேவையா என்று பாருங்கள்

இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இது முக்கியம். வளைகுடா நிலையங்களில் வெளியே போகாமல் மாறுவதற்கு விசா வேண்டியதில்லை. ஷெங்கன் நாடுகளில் (பிரான்ஸ், ஜெர்மனி, சுவிஸ் போன்ற, ஒரே விசாவில் போகும் ஐரோப்பிய நாடுகள்) அப்படியில்லை: விமான நிலையத்துக்குள்ளேயே இருந்து மாறினாலும் ட்ரான்சிற் விசா எடுக்க வேண்டிய நாடுகளின் பொதுப் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. செல்லுபடியான ஷெங்கன், கனடா, அமெரிக்க, ஜப்பான் விசா வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு. பிரித்தானியாவும் இலங்கையரிடம் இதைக் கேட்கிறது, விலக்குகள் வேறு. அமெரிக்காவுக்குள் இறங்கி ஏறுவதென்றால் ஒரு மணி நேரத்துக்கானாலும் விசா கட்டாயம், ஏனென்றால் அங்கே குடிவரவைத் தாண்டாமல் மாறும் வழியே இல்லை.

விதிகள் மாறும். ரிக்கெற்றுக்குப் பணம் கட்டுவதற்கு முன் அந்த நாட்டின் தூதரகத் தளத்தில் ஒருமுறை பாருங்கள். விசா இல்லாதவரைக் கட்டுநாயக்காவிலேயே ஏற்ற மாட்டார்கள். வான் பிடித்து வந்த சொந்தக்காரர் எல்லாரோடும் திரும்பிப் போக வேண்டியதுதான்.

5. பொதியை எங்கே எடுக்க வேண்டும் என்று அறிந்து வையுங்கள்

டோஹா, துபாய், அபுதாபி வழியாக நேரே கடைசி ஊருக்கென்றால் பொதியை இடையில் தொடத் தேவையில்லை. கீழே உள்ளவை வேறு கதை.

கனடாவுக்குள் முதலில் இறங்கும் நிலையத்தில் குடிவரவு, சுங்கம் இரண்டும் முடிய வேண்டும். ரொறன்ரோவில் இறங்கி வன்கூவர் போகிறவர் பெரும்பாலும் அங்கே பொதியை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். முதன்முறை படிக்கவோ குடியேறவோ போகிறவருக்கு அனுமதிப் பத்திரம் அங்கேதான் அச்சிட்டுத் தருவார்கள். அந்த வரிசை நீளம். அவர்களுக்கு 4 மணி நேரம் வையுங்கள். அமெரிக்கா, அவுஸ்திரேலியா, இந்திய உள்நாட்டு மாற்றம் ஆகியவற்றிலும் முதல் நிலையத்தில் பொதி எடுப்பதுதான் வழமை.

ஷெங்கனில் பொதி தானாகப் போகும், ஆனால் குடிவரவு முதல் நிலையத்தில். பாரிஸில் இறங்கி துலூஸ் போகிறவர் குடிவரவைத் தாண்டுமிடம் பாரிஸ். 2025 ஒக்ரோபர் 12 முதல் கைவிரல் அடையாளமும் முகப்படமும் எடுக்கும் புதிய முறையும் படிப்படியாக வந்திருப்பதால் முதல் தடவை போகிறவருக்கு வரிசை முன்னையை விட மெதுவாக நகரும். அங்கே 90 நிமிட மாற்றத்தை வாங்க வேண்டாம்.

6. பொதி கட்டுதல்

கைப்பை, பெரிய பொதி இரண்டையும் ‘இடையில் பிரிந்துவிட்டால்’ என்று நினைத்துக் கட்டுங்கள். குறுகிய மாற்றத்தில் ஆள் போய்விடுவார், பொதி நின்றுவிடும். அதனால் கடவுச்சீட்டு, விசாக் கடிதம், மருந்து, கண்ணாடி, நகை, ஒரு மாற்றுடுப்பு கைப்பையில்.

இன்சுலின் கட்டாயம் கைப்பையில். பொதியறைக் குளிரில் உறைந்தால் அது பயன்படாது. மருந்துகளை மருந்தகப் பெட்டியோடு, வைத்தியரின் ஆங்கிலக் கடிதத்தோடு வைத்திருங்கள். ட்ரமடோல், கொடீன் கலந்த நோமாத்திரைகளுக்கு வளைகுடா நாடுகளில் கடும் கட்டுப்பாடு உண்டு.

கசகசாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஐக்கிய அரபு இராச்சியத்தில் அது தடைசெய்யப்பட்ட பொருள். கறிச்சரக்குப் பொட்டலத்தோடு போனாலும் கதை ஒன்றுதான்.

எங்கள் பக்கத்துச் சாமான்களில் சோதனை வரிசையைத் தாமதிக்க வைப்பவை தெரிந்தவைதான்: நல்லெண்ணெய், ஊறுகாய், நெய், மிளகாய்த்தூள், ஒடியல் மா. திரவமோ களியோ எதுவானாலும் கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட போத்தலில் போகாது. பாதி குறைந்த 200 மில்லி போத்தலும் 200 மில்லியாகத்தான் கணக்கு. தூள்களைப் பெரிய பொதியில் போடுங்கள். கைப்பையில் ஒரு கிலோ மிளகாய்த்தூள் இருந்தால் பையைத் திறந்து, கிளறி, மறுபடி ஓடவிட்டு, உங்கள் 30 நிமிடத்தில் பத்தைத் தின்றுவிடுவார்கள். புழுக்கொடியல், பனங்கட்டி கைப்பையில் போனால் பெரிதாகத் தொல்லை தராது.

பவர் பாங்க் இதற்கு நேரெதிர். அது கைப்பையில் மட்டும்தான். 100 வோட்-மணிக்குள் இருக்க வேண்டும், 20,000 எம்.ஏ.எச். என்று எழுதியது ஏறக்குறைய 74 வோட்-மணி, அது போகும். விமானம் நிரம்பியிருந்தால் கேற்றில் உங்கள் கைப்பையையே வாங்கி அடியில் போடுவார்கள். கொடுப்பதற்கு முன் பவர் பாங்க், மருந்து, கடவுச்சீட்டு மூன்றையும் வெளியே எடுங்கள். இவை மூன்றுக்கும் தோளில் மாட்டும் சின்னப் பை ஒன்று தனியாக இருந்தால் அந்த நேரம் தடுமாற வேண்டியதில்லை.

7. வீட்டிலிருந்து கட்டுநாயக்கா

முதலில் திகதி. 15ஆம் திகதி 00:30க்கு விமானம் என்றால் 14ஆம் திகதி இரவு நிலையத்தில் நிற்க வேண்டும். 15ஆம் திகதி பகல் வான் பிடித்துப் போனவர்கள் இருக்கிறார்கள். நள்ளிரவுக்குப் பிந்திய பறப்பு என்றால் நாட்காட்டியில் முதல் நாளைச் சுற்றி வட்டம் போடுங்கள்.

கிளிநொச்சியிலிருந்து வவுனியா, மதவாச்சி, அனுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாகக் கட்டுநாயக்கா 300 கிலோமீற்றருக்குச் சற்று மேல். கொழும்புக்குள் போகத் தேவையில்லை. வானுக்கு 6 முதல் 7 மணி நேரம். முல்லைத்தீவிலிருந்து என்றால் மாங்குளத்துக்கு வரவே இன்னும் ஒரு மணி நேரம் சேருங்கள்.

பின்னோக்கிக் கணக்கிடுங்கள். விமானம் 03:30. நிலையத்தில் 4 மணி நேரத்துக்கு முன், 23:30. பாதை 7 மணி நேரம், அதாவது 16:30. சாப்பாடு, ரயர், மழை, யானை, வழியில் பிள்ளையாருக்குத் தேங்காய் எல்லாவற்றுக்கும் ஒன்றரை மணி நேரம். வீட்டைவிட்டு 15:00க்கு வெளிக்கிட வேண்டும். மழைக்காலத்தில் முல்லைத்தீவுப் பக்கம் வீதிக்கு மேலால் வெள்ளம் போகும் நாட்களில் முதல்நாளே வவுனியாவுக்கோ நீர்கொழும்புக்கோ வந்து தங்குவது மலிவு. ரயிலையோ இரவு பஸ்ஸையோ நம்பினால் ஒரு முழு நாளை இடைவெளியாக விடுங்கள்.

வேலைக்குப் போகிறவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவை முன்பே முடித்திருக்க வேண்டும். அது இல்லாமல் வந்தால் கட்டுநாயக்காவைத் தாண்ட முடியாது.

8. செக்-இன் கவுன்ரரில் ஐந்து நிமிடம்

வழியனுப்ப வந்தவர்களின் அழுகை இந்த வேலைக்குப் பிறகு இருக்கட்டும். இங்கே அவசரப்பட்டு நகர்ந்தவர்களுக்குத்தான் இடைநிலையத்தில் அதிகம் சிக்கல் வருகிறது.

முதலில், இரண்டு போர்டிங் பாஸும் கேளுங்கள். இரண்டாவது இல்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். ‘அங்கே எடுக்கலாம்’ என்றால் இடைநிலையத்தின் ட்ரான்ஸ்பர் கவுன்ரரில் வரிசையில் நிற்க வேண்டும். நேரத்தில் 30 நிமிடம் கழித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, பொதியில் ஒட்டும் பட்டியைப் பாருங்கள். அதில் மூன்றெழுத்துக் குறி பெரிதாக இருக்கும். அது கடைசி ஊரின் குறியாக இருக்க வேண்டும்: ரொறன்ரோ வை.வை.இசட்., சூரிச் இசட்.ஆர்.எச்., பாரிஸ் சார்ள் டி கோல் சி.டி.ஜி. அங்கே இடைநிலையத்தின் குறி, டோஹாவின் டி.ஓ.எச். அல்லது துபாயின் டி.எக்ஸ்.பி., கடைசியாக இருந்தால் உடனே சொல்லுங்கள். பெல்ற்றில் போன பிறகு சொல்லிப் பயன் குறைவு. ஆங்கிலம் வாசிக்காத அம்மாவுக்கு அந்த மூன்று எழுத்தையும் முன்னாலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை.

பட்டியின் சிறு துண்டைத் தருவார்கள். அதைக் கடவுச்சீட்டு உறையில் ஒட்டி, படமும் எடுத்து வையுங்கள். பொதி வராவிட்டால் அந்த எண் ஒன்றுதான் பிடி. சூட்கேஸையும் படம் எடுங்கள். ‘கறுப்புப் பெட்டி’ என்ற விவரிப்பு எந்த நிலையத்திலும் யாருக்கும் உதவாது.

கடைசியாக, முன்பக்கத்தில் நடைவழியோர இருக்கை கேளுங்கள். 40ஆம் வரிசைக்கும் 15ஆம் வரிசைக்கும் இறங்குவதில் 10 நிமிடம் வித்தியாசம் வரும்.

9. முதல் விமானத்துக்குள்

ஏறியவுடன் கடிகாரத்தை இடைநிலைய நேரத்துக்கு மாற்றுங்கள். இலங்கை நேரத்திலிருந்து டோஹா இரண்டரை மணி, துபாய் ஒன்றரை மணி பின்னால். பறப்பு முறையில் இருக்கும் தொலைபேசி தானாக மாறாது. ஊர்க் கடிகாரத்தைப் பார்த்து ‘தவறிவிட்டது’ என்று பதறுபவர்களும் உண்டு. திரும்பி வரும்போது இதே பிழை மறுபக்கமாக நடக்கும்: நேரம் இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள், இருக்காது.

விமானம் பிந்துகிறது என்று தெரிந்தால் இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பாகப் பணியாளரிடம் இரண்டாவது போர்டிங் பாஸைக் காட்டுங்கள். பேசத் தெரியாவிட்டாலும் காட்டினால் போதும். முன்னுக்கு மாற்றி இருத்தலாம், தரையில் இருப்பவர்களுக்குச் சொல்லலாம். சக்கரம் தொட்ட பிறகு சொன்னால் அவர்களாலும் ஒன்றும் ஏலாது.

இறங்குவதற்கு அரை மணி முன்பே கழிவறைக்குப் போய் வாருங்கள். இடைநிலையத்துக் கழிவறை வரிசையில் போகும் பத்து நிமிடம் உங்கள் அடுத்த விமானத்தினுடையது.

10. இறங்கியதும்

கதவுக்கு வெளியே அடுத்த ஊரின் பெயர் எழுதிய அட்டையோடு யாராவது நிற்கிறார்களா என்று பாருங்கள். நேரம் குறைந்த பயணிகளை அப்படிக் கூட்டிப் போவார்கள். உங்கள் ஊர் என்றால் அவரை விட்டு விலக வேண்டாம்.

யாரும் இல்லை என்றால் ‘ட்ரான்ஸ்பர்ஸ்’ என்ற பலகையைப் பின்தொடருங்கள். ‘அரைவல்ஸ்’, ‘பக்கேஜ் க்ளெய்ம்’ என்ற பலகைப் பக்கம் போக வேண்டாம்; சூட்கேஸ் படம் போட்ட அம்புக்குறி நகரத்துக்கு வெளியேறும் வழி. கூட்டத்தோடு போனால் சரி என்ற நம்பிக்கைதான் இங்கே முதற்பயணிகளை ஏமாற்றுகிறது, கூட்டத்தில் பாதிப் பேர் அந்த ஊரிலேயே இறங்குகிறவர்கள்.

அடுத்தது பாதுகாப்புச் சோதனை. கட்டுநாயக்காவில் வாங்கிய தண்ணீர்ப் போத்தல் இங்கே போய்விடும். வரிசையில் நிற்கும்போதே பெல்ற், நாணயம், தொலைபேசி எல்லாவற்றையும் கைப்பைக்குள் போட்டு முடியுங்கள். தாலிக்கொடி, காப்புக்குப் பயப்பட வேண்டாம். ஒலி எழுப்பினால் பெண் அலுவலர் கைக்கருவியால் பார்ப்பார்.

சோதனை முடிந்தவுடன் திரையில் கேற்றைப் பாருங்கள். போர்டிங் பாஸில் அச்சிட்டது பல மணி நேரத்துக்கு முந்தியது, மாறியிருக்கலாம். ஊர்ப் பெயரை வைத்துத் தேட வேண்டாம், பறப்பு எண்ணை வைத்துத் தேடுங்கள். லண்டனுக்கு ஒரே மணியில் இரண்டு விமானம் போகும். பிறகு நேரே கேற்றுக்கு நடந்து, கேற்றைக் கண்ணால் கண்ட பிறகே சாப்பாடு, கடை, தொழுகை, நித்திரை. டோஹாவின் பெரிய மஞ்சள் கரடிப் பொம்மைக்கு முன் படம் எடுக்க நின்றவர்கள் அந்தப் படத்தை அடுத்த நாள் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டி வரலாம்.

வீட்டுக்குச் செய்தி சொல்ல இலவச வைஃபை உண்டு. சில நிலையங்கள் குறுஞ்செய்தியில் வரும் இலக்கத்தைக் கேட்கும். ஊர்ச் சிம்முக்கு ரோமிங் திறந்திராவிட்டால் அது வராது. துபாய், அபுதாபியில் வட்ஸ்அப் அழைப்பு எடுபடாது, குரல்பதிவு போகும். அழைப்புக் கிடைக்கவில்லை என்று இங்கே வீட்டில் ஒப்பாரி வைக்காமலிருக்க இதை எல்லாருக்கும் முன்பே சொல்லி வையுங்கள்.

11. தனியாகப் போகும் அம்மா, அப்பா

மொழி தெரியாத, முழங்கால் வலியுள்ள பெற்றோருக்கு வீல்செயார் உதவியைப் பதிவு செய்வதே நல்லது. அதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் நிறுவனத்துக்குச் சொல்லி, பதிவில் அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். எவ்வளவு நடப்பார் என்று கேட்பார்கள்: படி ஏறுவாரா, ஏற மாட்டாரா, நடக்கவே மாட்டாரா. உள்ளதைச் சொல்லுங்கள். ‘நடக்கவே மாட்டார்’ என்று கூட்டிச் சொன்னால், விமானத்துக்குள் தனியாகக் கழிவறைக்குப் போவாரா என்று அடுத்த கேள்வி வரும். துணை இல்லாமல் ஏற்ற மறுக்கவும் கூடும்.

வீல்செயார் பயணிகள் எல்லாரும் இறங்கிய பின்தான் இறக்கப்படுவார்கள். பிறகு ஒரு காத்திருப்பு இடத்தில் இருத்தி வைப்பார்கள். அதனால்தான் 3 மணி நேரம் என்றோம். அம்மாவுக்குச் சொல்லி அனுப்ப வேண்டிய வசனம் ஒன்றுதான்: இருத்திய இடத்திலிருந்து எழும்பிப் போகாதேங்கோ. தேடி வருபவர் ஆளைக் காணாவிட்டால் விமானம் நிற்காது. கேற் நேரத்துக்கு ஒரு மணி முன்னாலும் ஒருவரும் வராவிட்டால் கையை உயர்த்திப் போர்டிங் பாஸைக் காட்டச் சொல்லுங்கள்.

கழுத்தில் தொங்கும் உறையில் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு அட்டை: கடவுச்சீட்டிலுள்ளபடி பெயர், இரண்டு பறப்பு எண்கள், கடைசி ஊர், தமிழ் மட்டும் பேசுவார் என்ற குறிப்பு, சந்திக்க வரும் பிள்ளையின் பெயரும் நாட்டுக் குறியோடு கூடிய எண்ணும், நோயும் மருந்தும். மறுபக்கத்தில் தமிழில், எந்தப் பலகைக்குப் பின்னால் போக வேண்டும் என்று. நீரிழிவு உள்ளவருக்கு பிஸ்கற் பைக்கற் ஒன்று கையெட்டும் தூரத்தில். நேரம் பின்னுக்குப் போகும் பயணத்தில் இரண்டு சாப்பாட்டுக்கு இடைவெளி நீளும்.

12. தவறிவிட்டால்

வெளியே போக வேண்டாம். குடிவரவைத் தாண்டாமல், உங்களை ஏற்றிவந்த நிறுவனத்தின் ட்ரான்ஸ்பர் கவுன்ரருக்குப் போங்கள். வரிசையில் நிற்கும்போதே பிள்ளை அங்கிருந்து நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுக்கட்டும். பல வேளை தொலைபேசியில் மாற்றம் முதலில் கிடைக்கும். நிறுவனச் செயலியையும் பாருங்கள், தானாகவே புது விமானத்தில் போட்டிருப்பார்கள்.

கவுன்ரரில் கேட்க வேண்டியவை: புதுப் போர்டிங் பாஸ், சாப்பாட்டுச் சீட்டு, இரவு தங்க வேண்டுமென்றால் ஹோட்டல். பொதி எந்த விமானத்தில் வரும் என்றும் கேளுங்கள். புது வழி ஐரோப்பாவுக்குள் இன்னொரு இடத்தில் மாறுவதாக இருந்தால் 4ஆம் படியை நினைத்துப் பாருங்கள். விசா விலக்கு இல்லாத வழியில் போட்டிருந்தால் அங்கேயே மறுத்து வேறு வழி கேட்க வேண்டும்.

பழைய போர்டிங் பாஸை எறிய வேண்டாம். பாரிஸ், பிராங்பேர்ட் போன்ற இடங்களிலிருந்து திரும்பும் பயணம் ஒரே ரிக்கெற்றில் இருந்து, நிறுவனத்தின் காரணத்தால் கொழும்புக்கு 3 மணி நேரத்துக்கு மேல் பிந்தினால், ஐரோப்பிய விதிப்படி இந்தத் தூரத்துக்கு 600 யூரோ வரை இழப்பீடு கேட்கலாம், இடையில் மாறியது டோஹாவில் என்றாலும். இங்கிருந்து போகும்போது வளைகுடா நிறுவனத்துக்கு அந்த விதி பொருந்தாது.

13. ஆள் வந்து பொதி வராவிட்டால்

சுழலும் பெல்ற் நின்றுவிட்டால், மண்டபத்தை விட்டு வெளியேறுவதற்கு முன் பொதி முறைப்பாட்டுக் கவுன்ரருக்குப் போங்கள். பட்டித் துண்டையும் சூட்கேஸ் படத்தையும் காட்டி அறிக்கை எழுதுவித்து, அதன் எண்ணை வாங்குங்கள். கடைசியாக உங்களை ஏற்றிவந்த நிறுவனம்தான் இதற்குப் பொறுப்பு. பெட்டி உடைந்து வந்திருந்தால் 7 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

ஊருக்குத் திரும்பி வருபவர்களுக்கு ஒரு குறிப்பு. பொதியை வீட்டுக்கு அனுப்புவார்களா, கட்டுநாயக்காவில் வந்து எடுக்க வேண்டுமா என்று அங்கேயே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். எங்கள் முகவரிகளில் பலவற்றுக்கு வீட்டு இலக்கமோ வீதிப் பெயரோ இல்லை. ‘முதலாம் வட்டாரம், புதுக்குடியிருப்பு’ என்று மட்டும் எழுதினால் கொண்டுவரும் வாகனம் சந்தையடியில் நின்று சுற்றும். கிராம சேவகர் பிரிவு, பக்கத்துப் பாடசாலை அல்லது கோயில், பகலில் எடுக்கக்கூடிய இரண்டு உள்ளூர் எண்கள், ஓட்டுநர் சிங்களத்தில் கேட்டால் பதில் சொல்லக்கூடிய ஒருவரின் எண்: இவ்வளவும் அறிக்கையில் இருக்கட்டும்.